கூடு போன மணிக்கூடு

எங்கள் பத்தர் ஐயாவின் மேசையில் மூன்று லாச்சிகள். முதலாவதில் இடுக்கி, அரம், ஊதுகுழல். இரண்டாவதில் சனம் செய்யக் கொடுத்த நகைகள், ஒவ்வொன்றும் பெயர் எழுதிய கடதாசிப் பொட்டலமாக. மூன்றாவதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. போன ஆவணியில் தங்கச்சியின் தோட்டுக்குச் சுரை தேடிப் போயிருந்தபோது அந்த மூன்றாவது லாச்சியை அப்படியே ஒரு பழைய பேப்பரில் கவிழ்த்துக் கொட்டினார். உடைந்த கொளுக்கிகள், கல் கழன்ற மோதிரத் தலைகள், யாரோ திரும்ப வராமல் விட்ட வெள்ளிக் கொலுசு ஒன்று, இவற்றுக்கு நடுவில் ஒரு மணிக்கூடு. மணிக்கூடு என்று சொல்வதும் முழுச்சரி இல்லை. டயல் இருந்தது, முள்ளுகள் இருந்தன, உள்ளே இயந்திரம் முழுசாக இருந்தது, கூடு மட்டும் இல்லை. ஓடு கழன்ற நண்டு போல உள்ளங்கையில் கிடந்தது.

திருப்பிப் பார்த்தேன். செம்பு நிறம் மினுங்கியது. எனக்கு அந்த நிறத்தைத் தெரியும். ஒமேகாவின் முப்பது மில்லிமீற்றர் இயந்திரம், 267 என்று இலக்கம் வெட்டியிருந்தது, உள்ளே சக்கரங்களின் அச்சைத் தாங்குகிற கல் பதினேழு. 1939 இல் தொடங்கி அறுபதுகளின் ஆரம்பம் வரை ஒமேகா செய்த குடும்பம் இது, வானாய்வு நிலையங்கள் நடத்திய துல்லியப் போட்டிகளில் பரிசு வாங்கிய பரம்பரை. அது இங்கே, திருகோணமலையில், கொலுசோடு சேர்ந்து கிடக்கிறது.

"ஐயா, இதின்ர கூடு எங்க?"

"அது உருக்கிக் கனகாலம் தம்பி. பதினெட்டுக் கரட். மகளின்ர தாலிக்கொடிக்கு எண்டு ஒருத்தர் கொண்டு வந்தவர்."

"உள்ளுக்கு இருக்கிறதை ஏன் வைச்சிருக்கிறியள்?"

"ஓடிச்சுது. ஓடுற சாமானை எறிய மனம் வரேல்லை."

பழைய தங்கக் கைமணிக்கூடுகள் சேர்க்கத் தொடங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது. சேர்ப்பது என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், மொத்தம் ஏழு, அதிலும் ஒன்று ஓடாது. கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் கட்டுகிற மாதிரியான மெல்லிய, தட்டையான, வேறு ஒரு வித்தையும் காட்டாத மணிக்கூடுகள்தான் எனக்குப் பிடிக்கும். நேரம் காட்டும், சின்னதாக ஒரு விநாடி முள் கீழே தனியாகச் சுற்றும், அவ்வளவுதான். திகதி கூட வேண்டாம். இவை ஏன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கின்றன என்று யாராவது கேட்டால் இவ்வளவு நாளும் "அப்போதே குறைவாகத்தான் செய்தார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த லாச்சியைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை. தங்க மணிக்கூட்டுக்கு எமனே அதன் தங்கம்தான்.

கணக்குப் பாருங்கள். ஒரு மெல்லிய பதினெட்டுக் கரட் கூடு பன்னிரண்டு கிராம் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டுக் கரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், ஆகவே ஒன்பது கிராம் சுத்தத் தங்கம். நம் ஊர் இருபத்திரண்டு கரட் பவுன் கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றேகால் பவுன் வரும். ஒன்றேகால் பவுன் என்றால் ஒரு பிள்ளைக்குச் சங்கிலி. 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போய், காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில், எந்த வீட்டில் அலுமாரியைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது எதுவாக இருந்திருக்கும்? காப்பை விற்க மனம் வராது, அம்மாவின் தோட்டை விற்க மனம் வராது. எப்போதோ நின்றுபோன, பட்டி இற்றுப்போன ஒரு மணிக்கூட்டை விற்பதற்கு என்ன வந்தது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. 1969 டிசம்பர் 25 ஆம் திகதி ஜப்பானில் சீகோ உலகின் முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டை, அதாவது சாவி முறுக்காமல் பற்றரியும் குவாட்ஸ் படிகமும் கொண்டு ஓடுவதை, விற்பனைக்கு விட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்த அஸ்ட்ரோனும் பதினெட்டுக் கரட் தங்கக் கூட்டில்தான் வந்தது, விலை நாலரை இலட்சம் யென், அன்றைக்கு ஒரு சின்னக் காரின் விலை. அதற்குப் பிறகு சில வருடங்களில் குவாட்ஸ் மலிந்து, சாவி முறுக்குகிற மணிக்கூட்டை யாரும் மதிக்காத நிலை வந்தது. அதே காலத்தில் தங்கம் எதிர்த் திசையில் ஓடியது. 1971 வரை அமெரிக்கா ஒரு அவுன்ஸுக்கு முப்பத்தைந்து டொலர் என்று கட்டிவைத்திருந்த விலை 1980 ஜனவரியில் 850 டொலரைத் தொட்டது. உள்ளே இருக்கிற இயந்திரத்துக்கு மதிப்பில்லை, வெளியே இருக்கிற ஓட்டுக்கு மதிப்பு இருபது மடங்குக்கு மேல். பிறகு என்ன, உலகம் முழுக்க எல்லாம் பத்தரின் உமியோட்டு நெருப்புக்குள்தான். சுவிற்சர்லாந்துக்காரன் மாதக்கணக்காகச் செதுக்கினது ஊதுகுழலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் தாங்காது.

அப்போ தப்பினவை எப்படித் தப்பின? இதற்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது, அது எங்கள் வீட்டிலிருந்தே வந்தது.

அம்மப்பா டொக்யாட்டில் ஸ்டோர்ஸ் கிளாக்காக இருந்தவர். 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்த வருடத்தில் வேலையை விட்டார், அப்போது அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு ஒரு கைமணிக்கூடு கொடுத்தார்கள். சுவிஸ் இல்லை, இங்கிலாந்தில் செல்ரன்ஹாமில் செய்த ஸ்மித்ஸ் டீலக்ஸ். பின்மூடியில் அவருடைய முதலெழுத்துகளும் 1932–1957 என்றும் வெட்டியிருந்தது. அதைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கட்டுவார், மற்ற நாளெல்லாம் துவாயில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள். எழுபத்து நாலில் அரிசிக்கும் பாணுக்கும் தவித்த காலத்தில் அம்மம்மா அவருக்குச் சொல்லாமல் அதை அடைவுகடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டார். கோடு கரைந்து போய்விட்டது. "இது பவுனில்லையம்மா, செம்புதான் கூட. வீட்ட கொண்டு போங்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மம்மா அழுதுகொண்டு வந்து இரண்டு காப்பைக் கழற்றிக்கொண்டு திரும்பப் போனாராம். காப்பு போனது போனதுதான், பிறகு மீளவில்லை. மணிக்கூடு இன்றைக்கும் இருக்கிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது ஒன்பது கரட். ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும் மற்றதும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று பேசுகிற நம் சனத்துக்கு அது நாலு மாற்றுக்கும் வராத சாமான், அதைத் தங்கம் என்று சொல்லவே வாய் வராது. இங்கிலாந்தில் அது சட்டப்படி தங்கம், முத்திரை குத்தித்தான் விற்பார்கள். 1915 இல் வெளிநாட்டு மணிக்கூடுகளுக்கு அங்கே மூன்றில் ஒரு பங்கு வரி போட்டார்கள், அதனால் இயந்திரத்தை மட்டும் சுவிற்சர்லாந்திலிருந்து இறக்கி, கூட்டை உள்ளூரிலேயே செய்து பூட்டுகிற வழக்கம் நன்றாக வேரூன்றியது. அந்தக் கூடுகளில் பெரிய பெயர் பர்மிங்காமில் இருந்த டெனிசன். ஒமேகா, லொஞ்சின்ஸ், ரொலெக்ஸ் எல்லாவற்றுக்கும் டெனிசன் கூடு உண்டு, ஸ்மித்ஸுக்கும் உண்டு. 1967 இல் மூடிவிட்டார்கள். ஆகவே இந்தத் துறைமுகத்தில் இருந்து தப்பி என் கைக்கு வந்த ஏழில் ஐந்து, ஒன்பது கரட். மாற்றுக் குறைந்ததால் உயிர் தப்பினவை.

பின்மூடியைக் கழற்றுவதைப் பற்றி ஒரு பந்தி எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. மூடியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குச் சின்னதாக ஒரு உதடு இருக்கும். மழுங்கின கத்தியை அதில் வைத்து நெம்பக் கூடாது, மெல்லத் திருப்ப வேண்டும். டப் என்று ஒரு சத்தம், கஞ்சிப் பானை மூடி மாதிரி. உட்பக்கம் கண்ணாடி போல மினுங்கும், ஏனென்றால் அது வெயிலும் வியர்வையும் பட்டதே இல்லை. அங்கேதான் முத்திரைகள் இருக்கும். அம்மப்பாவின் மூடிக்குள் ஒரு நங்கூரம். சின்ன வயதில் அதை டொக்யாட் நங்கூரம் என்றுதான் நினைத்திருந்தேன், கடற்படைக்காரர் கொடுத்தது என்றால் நங்கூரம் இல்லாமலா? பிறகுதான் தெரிந்தது, அது தங்கத்தின் மாற்றைப் பார்த்து முத்திரை குத்துகிற பர்மிங்காம் சோதனைச் சாலையின் அடையாளமாம், 1773 இலிருந்து அதுதானாம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! பக்கத்தில் 375, அதற்குப் பக்கத்தில் வருடத்தைச் சொல்லும் ஒரு எழுத்து. அப்புறம் அதைச் சுற்றி, உருப்பெருக்கி வைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஊசியால் கீறின இலக்கங்கள். ஒவ்வொரு முறை கழுவி எண்ணெய் விடும்போதும் பழுதுபார்க்கிறவர் தன் கணக்குக்காகக் கீறி வைக்கிறது. எங்களுடையதில் ஐந்து கீறல். ஒன்றில் 3/61 என்று தெளிவாக இருக்கிறது. 61 மார்ச்சில் அம்மப்பா அதை எந்த வீதியில் எந்தக் கடையில் கொடுத்துவிட்டு நின்றாரோ.

சுவிஸில் முத்திரை குத்தினதென்றால் வேறு சங்கதி. பதினெட்டுக் கரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை, பதினாலுக்கு ஒரு அணில். 1995 இலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு நாயின் தலை போடுகிறார்கள், ஆகவே ஐம்பதுகளின் மணிக்கூடு என்று சொல்லி நாய்த்தலை காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள். என்னிடம் பெண்தலை ஒன்று இருக்கிறது, லொஞ்சின்ஸ். கொழும்பில் செட்டியார் தெருவில் ஒரு கடையில், உருக்கக் கிடந்த தட்டில் இருந்து, தங்க விலைக்கு மேல் கொஞ்சம் வைத்து 2019 இல் எடுத்தது. தராசில் போட்டபோது கடைப் பெடியன் "இயந்திரத்தைக் கழற்றிப்போட்டு நிறுக்கட்டோ அண்ணை, பாரம் கூடக் காட்டுது" என்று நேர்மையாகக் கேட்டான். கழற்ற வேண்டாம், அதற்கும் சேர்த்தே காசு தாறன் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வாங்க நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளாக மினுங்குவது எல்லாம் தங்கம் இல்லை என்பது நம் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லாத பாடம், ஆனாலும் மணிக்கூட்டில் ஏமாறுகிறார்கள். பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதியிருந்தால் முன்பக்கம் பூச்சுத்தான். ரோல்ட் கோல்ட் என்றாலோ இருபது மைக்ரோன் என்றாலோ அதுவும் மேல்தோல் தங்கம்தான், பட்டி பூட்டுகிற கொம்புகளின் நுனியைப் பாருங்கள், சட்டைக் கை உரசி உரசி அங்கேதான் முதலில் பித்தளை எட்டிப் பார்க்கும். அதைவிட மோசம் திரும்ப மை அடித்த டயல். எழுபது வருட மணிக்கூட்டுக்கு நேற்று வாங்கின சட்டை போல வெள்ளை வெளேரென்று முகம் இருந்தால், எழுத்துகள் கொஞ்சம் தடிப்பாகவும் ஆறுக்குக் கீழே இருக்க வேண்டிய சுவிஸ் மேட் காணாமலும் இருந்தால், யாரோ சுரண்டிவிட்டுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். எனக்குப் புள்ளி விழுந்த, தேநீர் நிறத்துக்கு மாறின டயலே போதும்.

அளவைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். இந்தக் காலத்து மணிக்கூடுகள் நாற்பது மில்லிமீற்றருக்கு மேல், தேங்காய்ச் சிரட்டை மாதிரி. பட்டேக் பிலிப் 1932 இல் கொண்டுவந்த கலட்ராவா, இந்த வகைக்கே தாய் என்று சொல்லத்தக்க 96 ஆம் இலக்கம், முப்பதை ஒட்டின அளவுதான். பியாஜே 1957 இல் காட்டின 9பி இயந்திரத்தின் மொத்தத் தடிப்பு இரண்டே மில்லிமீற்றர். இவற்றை எல்லாம் நான் கையில் எடுத்ததில்லை, இந்தப் பிறவியில் எடுக்கப் போவதுமில்லை, அதனால் அவற்றைப் பற்றி இதற்கு மேல் அளக்கவும் இல்லை. மச்சான் ஒருத்தன் என் லொஞ்சின்ஸைப் பார்த்துவிட்டு "அக்காவின்ரயைக் கட்டிக்கொண்டு வந்திட்டியோ" என்று கேட்டான். வேட்டி சட்டைக்கு இதைவிடப் பொருத்தமானது எது என்று அவனுக்கு விளங்கப்படுத்துவதில் பிரயோசனமில்லை.

சரி, என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். 2013 இல் சித்தி மகளின் கலியாணத்துக்கு அம்மப்பாவின் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டேன். மங்கிப் போயிருந்தது. ஒன்பது கரட்டில் செம்பும் வெள்ளியும் இருப்பதால் நம் கடற்காற்றுக்கு மங்கத்தான் செய்யும், மெல்லிய துணியால் துடைத்தாலே போதும், அது அப்போது தெரியாது. ஒரு நகைக்கடையில் கொடுத்து "நல்லாப் பளபளப்பாக்கித் தாங்கோ" என்றேன். அவர்கள் சொன்னதைச் செய்தார்கள், மெஷினில் பிடித்துத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொம்புகளின் கூர் போய் சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டிருக்கிறது. திருப்பினால், முதலெழுத்துகள் பாதி அழிந்து, 1932 என்பதில் முதல் இலக்கமான ஒன்றை மட்டும் ஊகித்து வாசிக்கலாம். இருபத்தைந்து வருட உத்தியோகத்தை நான் நூறு எண்ணுவதற்குள் அழித்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா. மூடிக்குள் இருந்த நங்கூரமும் கீறல்களும் மட்டும் மெஷினுக்குத் தப்பின.

இந்த ஊரில் இவற்றை வைத்திருப்பதே ஒரு வேலை. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கிற தண்டும் திருகாணிகளும் உருக்கு. இந்த மாதிரி மணிக்கூட்டின் பின்மூடி அமத்திப் பூட்டுவது, றப்பர் வளையம் ஒன்றும் இல்லை, வியர்வைக்கும் ஈரத்துக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நாலு நிமிட நடை, மார்கழி மழைக்குள் அலுமாரிக் கதவே ஊதிக்கொள்ளும். ஆகவே ஏழும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு. கையில் கட்டுவதென்றால் மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற அன்று கட்டவே மாட்டேன், ஏறி முடிக்கும்போது மணிக்கட்டு நனைந்திருக்கும்.

கூடு போன ஒமேகாவுக்கு வருகிறேன். பத்தர் ஐயா அதற்குக் காசு வாங்கவில்லை. முறுக்குகிற தண்டு கூட்டோடு போய்விட்டது, அதன் தலையும் தங்கம்தானே. மணிக்கூடு திருத்துகிற அண்ணை ஒருவர் தன் பழைய சாமான் பெட்டியில் நாலு தண்டு பார்த்து, ஐந்தாவதைக் கொஞ்சம் அராவி, இரும்புத் தலை ஒன்றோடு பூட்டினார். மெல்ல மூன்று முறுக்கு. சமநிலைச் சக்கரம் ஒரு கணம் யோசித்துவிட்டு ஆடத் தொடங்கியது. கடையில் இருந்த வானொலியை அண்ணை தானாகவே நிறுத்தினார். நாளுக்கு நாலு நிமிடம் பிந்துகிறது, கழுவி எண்ணெய் விட்டால் சரிவரும் என்கிறார்.

இப்போது பிரச்சினை அதற்கு உடுப்பு. புதிதாக ஒரு மலிவுக் கூடு வாங்கி உள்ளே இறக்கலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. பத்தர் ஐயாவிடம் கேட்டேன். அவர் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டில செய்தால் மெத்தல், மூடி இறுகி நிக்காது. பதினெட்டில செய்யலாம். ஆனால் ஒண்டரைப் பவுன் மட்டில பிடிக்கும்" என்றார். வீட்டில் அதைச் சொன்னேன். "மணிக்கூட்டுக்கோ? ஒண்டரைப் பவுனோ?" என்று அம்மா கேட்ட தொனியிலேயே அந்தக் கதை முடிந்தது.

கடைசியில் பத்தர் ஐயாவே ஒரு வழி சொன்னார். தான் வாழ்நாளில் மணிக்கூட்டுக் கூடு நிறைய உருக்கியிருக்கிறாராம், ஒன்றும் செய்ததில்லையாம், ஆகவே முதலில் பித்தளையில் செய்து கை பழகட்டும் என்றார். போன வெள்ளிக்கிழமை அளவெடுக்கப் போனேன். அவர் தடிப்பையும் சுற்றளவையும் பார்த்து ஒரு கடதாசியில் எழுதி, இயந்திரத்தைப் பஞ்சில் சுற்றிப் பொட்டலமாக மடித்து, இம்முறை இரண்டாவது லாச்சிக்குள் வைத்தார். மடிக்க முன்னம் எட்டிப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது: காப்பு ஒன்று, பித்தளை, சின்ன அளவு.